டிஸ்சார்ஜ் ஆன பிறகு எங்கே போவது? தண்டுவடக் காயம், பக்கவாதம்: மறுவாழ்வு வழிகள் ஓர் ஒப்பீடு

"இனிமேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் பிசியோ கொடுங்கள்." தண்டுவடத்தில் அடிபட்டவர்களின் வீட்டாரும் பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாரும் ஏறக்குறைய இதே வரியைக் கேட்டிருப்பார்கள். எந்த பிசியோ, எங்கே, எத்தனை நாள், யார் கூட இருப்பது என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்காது. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

என் அண்ணன் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேப்பமரத்தில் ஏறி விழுந்து ஏழு வருஷம் ஆகிறது. முதுகெலும்பில் டி-12 என்ற எலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. பதினோராம் நாள் யூரின் டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். படுக்கைப் புண் என்ற பேச்சையே அங்கே யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் மதினி விரிப்பை மாற்ற அவரைப் புரட்டியபோது, பிட்டத்துக்கு மேலே ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. மேலே பார்க்க நாணயம். உள்ளே எலும்பு வரை பள்ளம். அது ஆற எட்டு மாதம் ஆனது.

அந்தப் புண்ணோடுதான் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தோம். அதற்கு முன்பே வீட்டுக்கு பிசியோ வரவழைத்தோம், எண்ணெய் வைத்தியமும் பார்த்தோம். வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள் நாங்கள். அந்தச் சாய்வு இந்தக் கட்டுரையில் இருக்கும், மறைக்கப்போவதில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

எந்த மையத்துக்கு போன் போட்டாலும் முதல் கேள்வி "நடந்திடுவாரா?" என்பதுதான். நாங்களும் அதையே கேட்டோம். ஆனால் இரண்டு வழிகளை ஒப்பிட அது உதவாது. நடப்பதும் நடக்காததும் பெரும்பாலும் காயத்தைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது குறைவு. தண்டுவடக் காயத்தை ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்துகளில் தரம் பிரிப்பார்கள். ஏ என்றால் ஆசனவாய்ப் பகுதியில்கூட உணர்வும் அசைவும் இல்லை; ஈ என்றால் இயல்பு நிலை. நடுவில் உள்ள பி, சி, டி எல்லாம் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். அறிக்கையில் "ஆசியா ஏ" என்று எழுதியிருக்கும். கண்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அளவுகோலின் பெயர் அது. கிளம்பும் முன் அந்த எழுத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வேறு. மூளையில் சேதமான இடத்தின் வேலையை மற்ற பகுதிகள் பழகிக்கொள்ளப் பார்க்கும். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. அதற்காக முதல் நாளே எழுப்பி நடக்கவைக்கவும் கூடாது. 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாடவைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள்.

நான் இப்போது யாருக்குச் சொன்னாலும் இந்த ஐந்தைத்தான் பார்க்கச் சொல்வேன். மூத்திரம், மலம், தோல் மூன்றையும் பார்த்துக்கொள்ள யார் கற்றுத்தருவார்கள்? ஒரு நாளில் நோயாளி தானே உடம்பை வருத்திச் செய்யும் பயிற்சி எவ்வளவு நேரம்? தூக்கப்போவது யார், அவருடைய இடுப்பு எவ்வளவு நாள் தாங்கும்? கட்டணத்துக்கு வெளியே என்ன செலவு? கடைசியாக, திரும்பிப் போகப்போகும் வீடு எப்படிப்பட்டது?

## 1. மறுவாழ்வு மையத்தில் தங்குவது

இந்த வழிக்கு நம் நாட்டில் வித்திட்டவரே சக்கர நாற்காலியில் இருந்தவர்தான். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டார். அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்டு இன்று அவர் பெயரில் இயங்கும் நிலையம்தான், உள்நோயாளியாகத் தங்கி மறுவாழ்வு பெற நாட்டில் வந்த முதல் இடம். அங்கே சிகிச்சை பெற்றுப் போனவர்களை வருஷா வருஷம் மறுவாழ்வு மேளாவுக்கு அழைக்கிறார்கள். ஒரு மையத்தை எடைபோட அது நல்ல வழி: பத்து வருஷம் முன்னால் இங்கிருந்து போனவர் இன்று எப்படி இருக்கிறார் என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

நாங்கள் தங்கியது வேறொரு சிறிய மையம். முதல் நாள் அண்ணன் கையில் கொடுத்தது டம்பெல் இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடி. தினமும் ராத்திரி ஒருக்களித்துப் படுத்து, கண்ணாடியைப் பின்னால் பிடித்துத் தன் பிட்டத்தைத் தானே பார்க்க வேண்டும். சிவந்திருக்கிறதா, சிவப்பை விரலால் அமுக்கினால் வெளுக்கிறதா? உணர்வில்லாத இடத்துக்குக் கண்தான் நரம்பு என்றார் அங்கிருந்த நர்ஸ். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரள்வது, நாற்காலியில் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவது, இவையெல்லாம் பாடம். நிரந்தரமாக மாட்டியிருந்த டியூபை எடுத்துவிட்டு, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே சிறு குழாய் விட்டு மூத்திரத்தை வடிக்கப் பழக்கினார்கள். கை நடுங்காமல் வர ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் அண்ணன் ஊருக்கு போன் பண்ணி அதை ஒரு செய்தியாகச் சொன்னார்.

கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவர்களுக்கு இந்தப் பாடம் உயிர் விஷயம். டி-6 என்ற மேல் முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் என்றால், மூத்திரப்பை நிரம்புவது, டியூப் மடங்கி அடைப்பது போன்ற சின்னக் காரணத்துக்கே ரத்த அழுத்தம் திடீரென்று ஏறிவிடும். மண்டை பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை. விஷயம் தெரியாத வீட்டில் தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பார்கள். படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்காரவைத்து டியூபைப் பார்க்க வேண்டும், இறங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

பிறகு, பக்கத்துக் கட்டில். படுத்துக்கொண்டே பேன்ட் போடுவது எப்படி என்று அண்ணனுக்குக் காட்டியது தெரபிஸ்ட் இல்லை, நாலு மாதம் முன்னால் வந்து சேர்ந்திருந்த ஒரு திண்டுக்கல்காரர். இந்த வரவு எந்த பில்லிலும் இருக்காது.

சரி, வெளியே தெரியாத செலவு? கூட ஒருவர் தங்கித்தான் ஆக வேண்டும். மதினி ஏழு வாரம் தங்கினார். அவருடைய தீப்பெட்டி ஆபீஸ் கூலி போனது, பிள்ளைகள் இரண்டும் ஆச்சி வீட்டுக்குப் போனார்கள், ஆடுகளை விற்றோம். மருத்துவக் கட்டணத்தைவிட இது பெரிது. அப்புறம், மையத்தில் எல்லாம் அகலமாக, வழவழப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்த அன்றைக்கு எங்கள் குளியலறைக் கதவு 24 அங்குலம், சக்கர நாற்காலி 25. அந்த ஓர் அங்குலத்துக்காகக் கொத்தனார் வரும் வரை நாலு நாள் அண்ணன் முற்றத்தில் பாயைக் கட்டிக் குளித்தார்.

யாருக்கு ஏற்றது: புதிதாகத் தண்டுவடக் காயம் பட்ட எல்லாருக்கும், பேச்சும் விழுங்குவதும் சேர்ந்து பாதித்த கடுமையான பக்கவாதத்துக்கும். யாருக்கு இப்போது வேண்டாம்: காய்ச்சலோ சீழ்பிடித்த புண்ணோ இருந்து, அதைக் கவனிக்க டாக்டர் இல்லாத மையம் என்றால், கூடத் தங்க ஆளே இல்லை என்றால்.

## 2. தினமும் போய்வருவது

நகரத்தில் இருப்பவர்களுக்கும், பிடித்துக்கொண்டாவது ஆட்டோவில் ஏற முடிகிற பக்கவாதக்காரர்களுக்கும் இது நல்ல வழி. ராத்திரி சொந்த வீடு, சொந்தச் சாப்பாடு. காலையில் கற்றதைச் சாயங்காலம் சொந்தக் கட்டிலில் செய்துபார்க்கலாம்.

ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேர செஷன் என்பார்கள். அதில் இருபது நிமிஷம் "கரண்ட் வைக்கிறோம்" என்று மெஷினை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், பத்து நிமிஷம் ஒத்தடம். நோயாளி தானே கையைத் தூக்கியது, எழுந்து உட்கார்ந்தது எத்தனை தடவை என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். மூளை திரும்பத் திரும்பச் செய்வதில்தான் பழகுகிறது. எண்ணிக்கை கம்மி என்றால் போக்குவரத்துக் காசு வீண். களைப்பும் ஒரு கணக்கு. ஆட்டோவில் ஏற்றி இறக்கி வீடு வந்து சேரும்போதே தூங்கிவிடுகிறார் என்றால், அன்றைய மீதிப் பயிற்சி போயிற்று.

தண்டுவடக் காயத்துக்கு முதல் வழியாக இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். மூத்திரப் பயிற்சியை காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் முடித்துவிட முடியாது.

## 3. வீட்டுக்கு பிசியோ வரவழைப்பது

மலிவு என்று நினைத்து எல்லாரும் முதலில் பிடிப்பது இதைத்தான். எங்களிடம் ஒரு வருகைக்கு 500 ரூபாய் வாங்கினார். ஞாயிறு விட்டு மாதம் 26 நாள், 13,000. மூன்று மாதத்தில் 39,000. மையத்தில் ஒரு மாதம் தங்கியதற்கு நாங்கள் கட்டியது இதைவிடக் குறைவு என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவர் நல்ல பையன், நேரத்துக்கு வருவார். கால்களை மடக்கி நீட்டி, முக்கால் மணி நேரத்தில் வியர்த்துப் போவார். வியர்த்தது அவருக்கு, அண்ணன் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். மூட்டு இறுகாமல் இருக்க அந்த மடக்கலும் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. புண் வந்ததும் அவர் வந்துபோன நாட்களில்தான். கால்தான் தன் வேலை என்று இருந்தார், முதுகுப் பக்கம் பார்க்கவில்லை.

தெரியாமல் செய்தால் கெடுதலும் உண்டு. கழுத்தில் சி-6 மட்டத்தில் அடிபட்டவருக்கு விரல் அசையாது, மணிக்கட்டை மேலே தூக்க முடியும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தாமாகவே மடங்கி ஒரு பிடி கிடைக்கும். அந்தப் பிடியில் டம்ளரைத் தூக்கலாம், பல் துலக்கலாம். மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்து நீட்டி நீட்டி இழுத்துத் தளர்த்திவிட்டால் அந்தப் பிடி போய்விடும். பக்கவாதத்தில் தோள்பட்டை. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது, கப்பிக் கயிற்றில் மாட்டித் தலைக்கு மேலே இழுப்பது, இரண்டும் தோள்வலியில் கொண்டுபோய் விடும்.

வீட்டாருக்கே கற்றுக்கொடுத்தால் போதாதா? அதையும் சோதித்திருக்கிறார்கள். இந்தியா முழுக்க 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யச் சொன்ன பிரிவிலும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவிலும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து ஒரே 47 சதவீதம். வீட்டார் உழைப்பு வீண் என்று இதை நான் படிக்கவில்லை. நிபுணர் செய்ய வேண்டியதை மதினி தலையில் கட்டினால் கணக்கு நேராகாது என்று படிக்கிறேன்.

ஆனால் மையத்தில் இருந்து வந்த பிறகு இதே வழி அருமையாக வேலை செய்கிறது. நோயாளி வீட்டுக் கட்டில், அவர் வீட்டுப் படி, அவர் வீட்டுக் கக்கூஸ். பயிற்சி அங்கேதான் நடக்க வேண்டும். அப்போது வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

பிசியோவைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: மூன்றாவது வருகையில் அவர் நோயாளியை எதையாவது தானே செய்யவைத்தாரா, நாளை வரை செய்ய ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் ஆளை மாற்றுங்கள், தயங்க வேண்டாம்.

## 4. அரசும் தொண்டு நிறுவனங்களும்

கையில் பணமில்லை என்றால் இதுதான் வழி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பணம் இருப்பவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. காலிப்பர் (செயலிழந்த காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம்), செயற்கைக் கால் செய்யும் பட்டறையும் அங்கேயே உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே பிசியோதெரபியும் வருகிறது. தினமும் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரு வட்டாரத்தையே அவர் சுற்றி வர வேண்டும். ஆனால் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தாலும் செய்வதைத் திருத்திவிட்டுப் போக ஒரு கண் கிடைக்கிறது.

தெற்கே எங்கள் பக்கத்தில், தென்காசி அருகே ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போய், கடைசிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பெயரில் உள்ள அமர், அவருக்கு மருத்துவம் பார்த்த விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். சுற்றுவட்டக் கிராமங்களுக்கு அங்கிருந்து ஆட்கள் தேடிப் போகிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் பேச்சு முழங்காலில் நிற்பதில்லை. என்ன வேலை தெரியும், பிள்ளைகள் படிக்கிறார்களா என்று போகும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு நேரம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஒரு நாள், மருத்துவ போர்டுக்கு ஒரு நாள், ஆதாரில் இனிஷியல் மாறியிருந்தால் இன்னும் இரண்டு நாள். அலுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். மாத உதவித்தொகை 2000 ரூபாய், சக்கர நாற்காலி, இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் எல்லாமே அந்த அட்டையில்தான் தொங்குகின்றன. டிஸ்சார்ஜ் ஆன மாதமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். இலவச நாற்காலி எல்லாருக்கும் ஒரே அளவில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாள் முழுக்க உட்காருபவருக்கு இடுப்பை அளந்து செய்ததும் நல்ல குஷனும் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃப்ளை போல அளவெடுத்துச் செய்பவை இப்போது கிடைக்கின்றன.

## எண்ணெய், ஸ்டெம்செல், ரோபோ

மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லைதான். எண்ணெய்த் தேய்ப்பு அண்ணனுக்குப் பிடித்திருந்தது, இன்றும் மாதம் ஒருமுறை உண்டு. உணர்வில்லாத காலில் சூடான கிழி மட்டும் வைக்கக் கூடாது. கொப்பளித்த பிறகுதான் சுட்டது தெரியும். கால் திடீரென்று வீங்கியிருந்தால் தேய்க்கவே கூடாது, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். ரோபோவில் மாட்டி நடக்கவைப்பது தடவைகளின் எண்ணிக்கையைக் கூட்டும், கொஞ்சம் அசைவு மிச்சம் இருப்பவர்களுக்குப் பயன்படும். மூத்திரம் வடிக்கக் கற்றுத்தராது. உடம்பில் புதுச் செல்களைச் செலுத்தும் ஸ்டெம்செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்தம் சார்ந்த சில நோய்கள் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான், ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | தங்குவது | போய்வருவது | வீட்டுக்கு வரவழைப்பது | அரசு, தொண்டு |
|---|---|---|---|---|
| ஒரு நாள் பயிற்சி | பல மணி நேரம் | ஒரு மணி, எண்ணிப் பார்க்கவும் | முக்கால் மணி | இடத்துக்கு இடம் மாறும் |
| மூத்திரம், மலம், தோல் | முறையாகப் பாடம் | அரைகுறை | பெரும்பாலும் இல்லை | நிலையங்களில் உண்டு |
| வெளியே தெரியாத செலவு | கூட இருப்பவரின் கூலி | ஆட்டோ, களைப்பு | மாதங்கள் நீள்வது | அலைச்சல் |
| முதல் வழியாக | தண்டுவடம், கடும் பக்கவாதம் | நடமாட்டம் உள்ள பக்கவாதம் | லேசான பாதிப்பு | எல்லாரும், கூடவே |

## எங்கள் கணக்கு

மறுபடி முதலிலிருந்து என்றால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மையம், ஆறு வாரம். கடன் வாங்கியாவது. அந்த ஆறு வாரத்திலேயே கொத்தனாரை வைத்து வீட்டைச் சரிசெய்வது, அட்டைக்கு விண்ணப்பிப்பது. பிறகு வாரம் இரண்டு நாள் வீட்டு பிசியோ. ஆடுகள் அப்போதும் போயிருக்கும், புண் வந்திருக்காது.

அண்ணன் காலிப்பர் மாட்டி வாக்கர் பிடித்து முப்பதடி நடப்பார். அதற்குள் மூச்சு வாங்கிவிடும், அதனால் காலிப்பர் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. திண்ணையில் மேஜைக்கு நாலு காலிலும் செங்கல் கொடுத்து உயர்த்தி, நாற்காலியை உள்ளே விட்டு உட்கார்ந்து மோட்டார் காயில் கட்டுகிறார். இந்த மாதிரி விஷயம் கேட்டு யாராவது கூப்பிட்டால் போனை அவரிடம் கொடுத்துவிடுவேன். காயில் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டே அவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்டு பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம்ணே?"